வாசலில் ஒட்டிய இரண்டு கோடு

இரண்டு கோடு டேப். ஒன்று முழங்கால் உயரத்தில், மற்றது வளர்ந்த ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில். வெட்ட மறந்துவிட்டாள். பனர் என்கிற பெரிய பதாகை எழும்பி, இரண்டு பக்கக் கம்பங்களும் நிமிர்ந்து, மாடி வீட்டுச் சுவர் அளவு பச்சையும் வெள்ளையுமான கிறேப் பேப்பர் காற்றில் ஒருமுறை உப்பித் தணிந்த பிறகுதான் மிதுஷாவுக்கு அது ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்து வெறும் நிலத்தில் காலை வைத்த மாதிரி. கயிறு கையில் இருந்தது. இடது கம்பத்தின் பின்பக்கக் கயிறு, மார்ச் மாதத்திலிருந்து அவளுடைய இடம். முன்னால் பனர் குழுவின் தலைவி ஷெரல் விசில் ஊதி நாலு விரலைக் காட்டினாள். நாலு நிமிசம். நாலு நிமிசத்தில் வீரர்கள் ஓடி வந்து இந்தப் பேப்பரைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்குவார்கள், அதுதான் ஃபுட்டி என்கிற இந்த ஊர் உதைபந்தாட்டத்தின் வழக்கம், ஒவ்வொரு கிழமையும், ஒவ்வொரு கிளப்பும். ரொறன்ரோவில் இருக்கிற சித்திக்கு இதைப் போனில் விளங்கப்படுத்தப் போய், "நாள் முழுக்க முதுகு முறிய ஒட்டிப்போட்டு, கிழிக்கிறதுக்கோ?" "ஓம் சித்தி, கிழிக்கிறதுக்குத்தான்." "உங்களுக்கென்ன விசரோ?" என்று முடிந்தது. விசர்தான். ஆனால் அந்த விசருக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எல்லா இடமும் காற்றுக்குத் தாங்க வேண்டும், நடுவில் கீழே ஒரு இடம் மட்டும் தாங்கக் கூடாது. அதற்கு வாசல் என்று பெயர். வாசலில் பேப்பரும் பேப்பரும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும், டேப்பே கிடையாது. அந்த வாசலில், குறுக்காக, வியாழக்கிழமை, தன் கையால், பெட்டி ஒட்டுகிற அகலமான பாக்கிங் டேப்பை இரண்டு மடங்காக இழுத்து ஒட்டியவள் மிதுஷா. வெயில் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. இரண்டு கோடும் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நின்றன. அவளுக்குத் தெரிந்தன. வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று ஒருவரும் நினைக்காத இடத்தை யார் பார்ப்பார்கள்? முதலில் வரப்போவது அணியின் மூத்த வீரன் ஹார்க்னஸ். அவனுக்கு இன்றைக்கு இருநூறாவது ஆட்டம். தனியாக வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். மூன்று வயது, எல்சி, இரண்டு குடுமி, சத்தம் கேளாமல் இருக்க இரண்டு காதிலும் பச்சைக் காதுமூடி. கையில் ஏந்திய பிள்ளையின் முகம் எங்கே வரும்? நெஞ்சு உயரத்தில் வரும்.

கிழியும், அது கிழியும், தொண்ணூற்றைந்து கிலோ ஆள் ஓடி வந்து மோதினால் டேப் என்ன பெரிய டேப். அப்படித்தான் முதலில் நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை, ஏழாவது சுற்று ஞாபகம் வந்து குறுக்கே நின்றது. வெளியூர் ஆட்டம், மற்றக் கிளப்பின் பனர், வாசலை யாரோ தவறாக ஒட்டியிருந்தார்கள், முதலாவதாக ஓடி வந்த நெடுவல் ஆட்டக்காரன் அதில் மோதி, பேப்பர் உள்ளே போய், டேப் நீண்டு, அவனை அப்படியே திருப்பி எறிந்தது. மல்லாக்க விழுந்தான். கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு. இரண்டு கிழமை ரீவியில் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். மிதுஷாவும் சிரித்தாள், பதினெட்டுத் தரம் பார்த்திருப்பாள், அப்பாவுக்கும் காட்டினாள், அப்பா சிரிக்கவில்லை. "கழுத்தெல்லோ" என்று மட்டும் சொன்னார். அது வளர்ந்தவன். இது மூன்று வயது. அந்தக் கழுத்து எவ்வளவு இருக்கும், அவளுடைய மணிக்கட்டு அளவு இருக்குமா? காற்று திரும்பியது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற காற்று, இந்த மைதானத்தில் எப்போதும் இரண்டு மணிக்கு முன் ஒருதரம் புரளும். கயிறு உள்ளங்கையைச் சுட்டது, குதிக்காலை ஊன்றினாள். கயிறு பிடிக்கிறவர்களுக்கு ஷெரல் சொல்லித்தந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான், எழுப்பிய பிறகு கயிற்றை விடாதே, மூக்கு அரித்தாலும் விடாதே, உன் தாய் செத்துப்போனாள் என்று யாராவது வந்து சொன்னாலும் விடாதே. ஒரு கயிறு விட்டால் கம்பம் சரியும், கம்பம் சரிந்தால் கீழே நிற்கிற ஆறு பேரின் தலையில் விழும். ஆகவே போய்க் கிழிக்க முடியாது. வெட்டுகிற கத்தி டேப் பெட்டிக்குள், டேப் பெட்டி டிரெய்லருக்குள், டிரெய்லர் மைதானத்துக்கு வெளியே. கையில் கத்தி இருந்தது. காலையில் இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த வருசம், 2014 சீசன், அவர்களுடைய கிளப் இருபத்தொரு ஆட்டம் ஆடி மூன்றில் வென்றிருந்தது. ஐந்தாவது சுற்றில் மழை, பனர் கூழாகிப் போனது. ஒன்பதாவதில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோராவதில் நூற்றுநாலு புள்ளியால் தோல்வி, மூன்றாம் கால்பகுதியோடு சனம் எழும்பிப் போய் கார் எடுத்தது. ஷெரலுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஒரு வியாழன் தவறவில்லை. "வெல்லுகிற கிளப்புக்கு பனர் எதற்கு? இவங்களுக்கு இந்தக் கிழமையில் உருப்படியாக நடக்கிற ஒரே விசயம் நாங்கள்தான்" என்பாள், டேப் சுருளை வளையல் மாதிரிக் கையில் போட்டுக்கொண்டு. மிதுஷாவுக்கு அது பிடித்தது. யூன் மாதம் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள், பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில், காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் "பிடிக்கேல்லை" என்றாள், அது உண்மை, அதற்கு மேல் என்ன சொல்ல. சுப்பர்மார்க்கெட்டின் பேக்கரித் தட்டில் பாண் அடுக்குகிறாள். நகத்தில் பச்சைச் சாயம் போகாது, கிறேப் பேப்பரில் ஒரு சொட்டு வியர்வை பட்டால் போதும் சாயம் இறங்கி ஒட்டிக்கொள்ளும், மனேஜர் கையுறை போடு என்று கத்துவான். செய்கிறதில் சரியாகச் செய்கிற ஒன்று என்றால் இதுதான். அடுத்த சீசன் ஒட்டுகிற வேலைக்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று ஷெரல் சொல்லியும் விட்டாள். மூன்றாவது சுற்றிலிருந்து அப்பாவும் வரத் தொடங்கினார். கூட்டிப்போக வந்து வெளியே காருக்குள் இருந்தவரை ஷெரல் கண்ணாடியில் தட்டி இறக்கி, ஒரு கையில் தேத்தண்ணியும் மற்றக் கையில் டேப்பும் கொடுத்துவிட்டாள். விளையாட்டு அவருக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நடுவில் இருக்கிற இரண்டு கோல் கம்பத்துக்குள்ளால் பந்தை அடித்தால் ஆறு, பக்கத்தாலே போனால் ஒன்று. "பிழையா அடிச்சவனுக்கும் ஒரு புள்ளி குடுக்கிறாங்கள் பிள்ளை. நல்ல சனம்" என்றார். அதை ஊரெல்லாம் போன் எடுத்துச் சொன்னார். டேப்பைப் பல்லால் கடித்து அறுப்பார். கத்தி பக்கத்தில் இருந்தாலும் பல்லுத்தான். தகரத் தொழிற்சாலையில் இருபது வருசம், கைக்குக் கத்தி பழகியவர், ஆனால் டேப்பைக் கண்டால் வாய் போகும். "அப்பா, ஆட்கள் பாக்கினம்." "ஓரத்திலை சின்னனா ஒரு கடி கடிச்சால் காணும், மிச்சம் தானாக் கிழியும். கத்தி தேடுற நேரம் மிச்சம்." அவள் வேறு பக்கம் பார்ப்பாள்.

போன சனிக்கிழமை பனர் கிழிந்தது. வீரர்கள் வர முதலே, மேல் இடது மூலையில் தொடங்கி, எழுத்து எழுத்தாக, அத்தனை சனத்துக்கும் முன்னால். எதிர்ப்பக்கத்து ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். பெரிய திரையில் மூன்று தரம் காட்டினார்கள். அந்த மூலை அப்பா ஒட்டிய மூலை. கிழிந்த பேப்பரை எல்லோரும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள், இவர் பல்லால் கடித்து ஒட்டுகிறவர், இவர் கையில் டேப்பைக் கொடுத்ததுதான் பிழை, ஒட்டத் தெரியாவிட்டால் காருக்குள் இருந்திருக்கலாம். இங்கிலீசில் சொன்னாள். அதுதான். வீட்டில் எந்தச் சண்டையும் தமிழில்தான் நடக்கும், அன்றைக்கு பனர் ஒட்டுகிற நாற்பது பேருக்கும் விளங்க வேண்டும் என்று தெரிந்தே இங்கிலீசில் சொன்னாள். ஷெரல்கூட "ஏய்" என்றாள். அப்பா கையில் இருந்த பேப்பரை மடித்தார், குப்பைக்குப் போகிற பேப்பரை என்னத்துக்கு மடிக்க வேண்டும், நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். காரில் அவள் நினைத்தாள், நான் உண்மையைத்தானே சொன்னேன், மனதில் ஒன்று வாயில் ஒன்று எனக்கு வராது, எல்லோருக்கும் தெரியும். இப்போது, கயிறு சுட, அந்த நினைப்பு திரும்ப வந்து அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அந்த மூலையை அப்பா ஒட்டியதை அவள் பார்த்தாளா? பார்க்கவில்லை. அப்பா அந்தப் பக்கம் நின்றார், அவ்வளவுதான் தெரியும். அவள்தான் அன்றைக்கு மேல் வரிசை முழுவதையும் சரிபார்க்க வேண்டியவள். சரிபார்த்தாளா? மூலை மூலையாகத் தவழ்ந்து பார்க்கப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. சே. அது வேறு கதை. அது வேறு கதையே இல்லை. அதனால்தான் இந்த வியாழன் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் கிளப் மண்டபத்தில் தனியாக நின்று பனர் முழுவதையும் இரண்டு மடங்கு ஒட்டினாள், சர்ர் சர்ர் என்று, பார், ஒட்டுவது என்றால் இப்படி என்று. வாசல் பிளந்து பிளந்து வந்தது. சுருட்டி டிரெய்லரில் ஏற்றும்போது கிழிந்துவிடும் என்று தோன்றியது. சரி, ஏற்றி இறக்க மட்டும் என்று இரண்டு கோடு. ஞாயிறு எழுப்ப முதல் வெட்டிவிடலாம். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால், வாசலில் டேப்பா என்று கத்துவார்கள், நியாயமாகத்தான் கத்துவார்கள்.

மூன்று விரல். மூன்று நிமிசம். ஒலிபெருக்கியில் கிளப் பாட்டு தொடங்கிவிட்டது. காலையில் பனரைப் புல்லில் விரித்தபோது அவள் நேரே வாசலுக்குத்தான் போனாள். மறக்கவில்லை. கத்தியை எடுத்தாள், தகட்டைத் தள்ளினாள், முழங்காலில் இருந்தாள். நிழல் ஒன்று விழுந்தது. நிமிர்ந்தால் அப்பா. வரமாட்டார் என்று நினைத்திருந்தாள். ரெயினில் வந்திருக்கிறார், அந்தப் பழைய தொப்பி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஈயத்தாளில் சுற்றிய ஏதோ. "காலமை சாப்பிட்டனியோ?" ஒரு கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு அது. போன கிழமை நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை, கோபம் இல்லை, ஒன்றும் இல்லை, சாப்பிட்டனியோ. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.  பள்ளிக்கூடத்தை விட்ட அன்றைக்கும் இப்படித்தான், காரில் முழு வழியும் பேசாமல் வந்து, வீட்டு வாசலில் எஞ்சினை நிற்பாட்டிப்போட்டு, "சரி, நாளைக்கு எத்தினை மணிக்கு எழும்புவாய்?" என்றார். அப்படியான மனிசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? பதில் சொல்லாமல் எழும்பினாள். தகட்டை உள்ளே தள்ளினாள், டேப் பெட்டிக்குள் கத்தியை எறிந்தாள், மற்றப் பக்கக் கம்பத்தைப் பார்க்கிற மாதிரி நடந்தாள், கண் எரிந்தது, கம்பத்தில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. டிரெய்லர் போனது. ஷெரல் எல்லோரையும் கயிற்றுக்கு அனுப்பினாள். கடைசியாக, கம்பங்கள் எழும்புகிற நேரத்தில், போகிற போக்கில், "ஹார்க்னஸ் சின்னவளையும் கொண்டு வருகிறானாம்" என்றாள். எல்லோரும் "ஆஆ" என்றார்கள். மிதுஷாவும் "ஆஆ" என்றாள்.

அப்பா வாசலடியில்தான் நின்றார். போன கிழமைக்குப் பிறகு அவருக்குக் கொடுத்த வேலை அது, பனரின் கீழ் விளிம்பை நடுவில் காலால் மிதித்துக்கொண்டு நிற்பது, வீரர்கள் வரும்போது பக்கத்துக்குப் பாய்வது, யாரும் செய்யலாம், அவர் கீழே பார்த்துக்கொண்டு, மிகக் கவனமாக மிதித்துக்கொண்டு நின்றார். மின்னுகிற கோட்டுக்கும் அவருடைய மூக்குக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவருக்குச் சொன்னால் போதும். ஷெரலுக்குச் சொல்லலாம், ஷெரல் பேப்பர் சுவருக்கு அந்தப் பக்கம், கம்பத்து ஓரத்தால் அவள் உயர்த்துகிற கை மட்டும்தான் தெரிகிறது. சொன்னாலும் அவள் இறக்கச் சொல்வாள், இறக்க இரண்டு நிமிசம், இந்தக் காற்றில் இறக்கினால் முழுவதும் போகும், ரீவி, இருநூறாவது ஆட்டம், கடைசி ஆட்டம். அப்பாதான். அப்பாவுக்குத்தான் சொல்ல வேண்டும். உலகத்தில் இத்தனை பேர் இருக்க. மிதுஷா வாயைத் திறந்தாள். வரவில்லை. இது என்ன புதுமை, போன கிழமை வந்ததே, நாற்பது பேருக்கு நடுவில் தண்ணி மாதிரி வந்ததே. அடுத்தவன் பிழை என்றால் ஓடி வருகிறது. அப்போ நான் நேர்மையான ஆள் இல்லை, வாய் நீண்ட ஆள், அவ்வளவுதான், என்று அவளுக்குள் ஒன்று சொன்னது, சொன்ன குரல் அவளுடைய குரல் மாதிரித்தான் இருந்தது, அதே கடுப்பு. சில வேளை கிழியும். சில வேளை ஹார்க்னஸ் கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருவான். சில வேளை பிள்ளையை மற்றத் தோளில் வைத்திருப்பான். சில வேளை பிள்ளை பயந்து அழுது, கடைசி நேரத்தில் தாயிடம் கொடுத்துவிட்டு வருவான். சில வேளை, சில வேளை. இரண்டு விரல். வீரர்கள் வெளியே வருகிற சுரங்க வாசலில் சனம் எழும்பி நிற்கிற சத்தம், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டு வந்தது. பேப்பருக்கு அந்தப் பக்கத்தில் நிழல்கள் அசைந்தன. உயரமான நிழல் ஒன்று, அதன் நெஞ்சில் உருண்டையாய் இன்னொரு சின்ன நிழல். காதுமூடிகூடத் தெரிந்தது, தலையின் இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்.

"அப்பா!" வந்துவிட்டது. அவருக்குக் கேட்கவில்லை. தகரம் அடித்த இருபது வருசம் இடது காதைத் தின்றுவிட்டது, அவள் நிற்பது இடது பக்கம். "அப்பா! அப்பா!" பக்கத்துக் கயிற்றுக்காரன் டேமியன் திரும்பி என்ன என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அப்பா என்று இந்த மைதானத்தில் எத்தனை பேர் கத்தினாலும் அந்த மனிசன் திரும்பமாட்டார், கீழே பார்த்துக்கொண்டு விளிம்பை மிதிக்கிறார், சொன்ன வேலையைச் செய்கிறார், இந்த முறை பிழை வரக் கூடாது என்று மிதிக்கிறார். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார்? மருத்துவரிடம் போனால், இமிகிறேசனில் போனால், வங்கியில் போனால், மூன்றாவது வரிசையில் காது கேளாமல் இருக்கிறவர் ஒரு சத்தத்துக்கு மட்டும் துள்ளி எழும்புவார். முழுப் பெயர். எத்தனை கவுன்டர்களில் காத்திருந்து பழகிய உடம்பு அது. அவள் தன் வாழ்க்கையில் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எந்தப் பிள்ளை கூப்பிடும்? மூச்சை இழுத்தாள். "பொன்னுத்துரை சிவகடாட்சம்!" அவர் துள்ளினார். திரும்பினார். யார், எங்கே, என்ன பிழை விட்டேன் என்கிற முகம். பிறகு அவளைக் கண்டார், தன் பெயரைச் சொன்னது தன் பிள்ளை என்பது விளங்கி வாய் திறந்தபடி நின்றது. இனி நிற்க முடியாது. "வாசலிலை டேப் கிடக்கு! உங்களுக்கு முன்னாலை! ரெண்டு கோடு! நான்தான் ஒட்டினனான், வெட்ட மறந்துபோனன்! குழந்தைப்பிள்ளை வருது அப்பா! கத்தி இல்லை!" "என்ன?" "டேப்! டேப்!" "எங்கை?" "நெஞ்சுக்கு நேரை! கடியுங்கோ! கடியுங்கோ அப்பா!"

ஒரு விரல். அவர் கேள்வி கேட்கவில்லை. அதுதான் பிறகு அவளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது, இந்த மனிசன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விளிம்பிலிருந்து காலை எடுத்தார். பேப்பரைக் கையால் தடவினார், கோடு அகப்பட்டது, தொப்பி விழுந்தது, முகத்தைப் பேப்பருக்குள் கொடுத்தார். மைதானம் சிரிக்கத் தொடங்கியது. முதலில் ஏன் என்று விளங்கவில்லை, பிறகு பெரிய திரையில் கண்டாள். பச்சைச் சுவர், அதன் நடுவில் நரைத்த தலையோடு ஒரு கறுத்த மனிசன், மாடு வைக்கோலை இழுக்கிற மாதிரி பனரைக் கடித்து இழுக்கிறார். சிரிப்பு பெரிதாகியது. கீழ் விளிம்பு விட்டதால் காற்று உள்ளே பாய்ந்து பேப்பர் அவரைச் சுற்றி அறைந்தது. கயிறு அவளை இரண்டு அடி இழுத்தது. விடவில்லை, சப்பாத்தின் நுனி புல்லைக் கிழித்துக்கொண்டு போனது, தோள்மூட்டில் ஏதோ சுளுக்கியது, விடவில்லை. மேல் கோடு போனது. கண்ணால் கண்டாள், மின்னல் ஒன்று நடுவில் அறுந்து இரண்டு பக்கமும் சுருண்டது. விசில். அப்பா பாயவில்லை, அவர் பாய வேண்டிய நேரம், பாயுங்கோ, காணும், பாயுங்கோ, அவர் முழங்காலில் விழுந்தார், இரண்டாவது கோடு, இரண்டு கோடு என்று அவள்தானே சொன்னாள், ஏன் சொன்னாள், தலை கீழே போனது, பேப்பர் வெடித்தது. ஹார்க்னஸ் வந்தான். பிள்ளை அவன் தோளில் முகம் புதைத்துக்கொண்டு வந்தது, குடுமியில் ஒரு பச்சைத் துண்டு, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. காலடியில் சுருண்டு கிடந்த அப்பாவை அவன் ஒரு எட்டில் தாண்டினான். பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள், ஒருவன், மூன்று பேர், ஏழு பேர், முள்ளுச் சப்பாத்துகள் அவருடைய முதுகுக்கு மேலே எழும்பி எழும்பி இறங்கின, ஒருவன் கால் தோளில் பட்டது, இருபத்திரண்டு பேர், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பேப்பர் மழை மாதிரிக் கொட்டி அவரை மூடியது.

கம்பம் நிலத்தில் படுக்கும் வரை அவள் கயிற்றை விடவில்லை. விட்டபோது விரல் விரியவில்லை. ஓடினாள். அதற்குள் ஷெரல் நொண்டி நொண்டி அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள், முகம் சிவந்து, என்ன செய்கிறாய் சிவா, உனக்குப் பைத்தியமா, விளிம்பை விடாதே என்று எத்தனை தரம் சொன்னேன், உன்னை மிதித்துக் கொன்றிருப்பார்கள். நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள், போன கிழமை நின்ற அதே நாற்பது பேர். அப்பா பேப்பரைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். முழங்காலைத் தடவினார். மிதுஷாவைப் பார்த்தார், ஷெரலைப் பார்த்தார், பிறகு தொழிற்சாலையில் போர்மனுக்குச் சொல்கிற அந்தச் சின்ன இங்கிலீசில், "மை மிஸ்டேக், ஷெரல். சொறி. மை மிஸ்டேக்" என்றார். வாயைத் திறந்தபோது பல்லெல்லாம் பச்சை. நாக்கும் பச்சை. யாரோ சிரித்தார்கள். "இல்லை" என்றாள் மிதுஷா. தமிழில் வந்தது. அது காணாது. இங்கிலீசில் சொன்னாள், கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி சொன்னாள், வாசலில் டேப் ஒட்டியது நான், வெட்ட மறந்தது நான், கயிற்றில் நின்றுகொண்டு மூன்று நிமிசம் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான், அவர் பல்லால் கடித்திராவிட்டால் அந்தப் பிள்ளையின் கழுத்து போயிருக்கும். போன கிழமை மூலையைச் சரிபார்க்காததும் நான்தான்.  ஷெரல் குனிந்து புல்லிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள், இரண்டு மடங்கு டேப், ஓரத்தில் பல்லுத் தடம், அதற்கு அங்கால் நேராக அறுந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பையில் போட்டாள். அடுத்த சீசனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, மிதுஷாவும் கேட்கவில்லை. "எல்லாரும் பேப்பரைப் பொறுக்குங்கள், ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே எறியப் போகிறார்கள்" என்றாள். எல்லோரும் குனிந்தார்கள். அப்பாவும் குனிந்தார். மிதுஷா அவருக்குப் பக்கத்தில், இந்த முறை வலது காதுப் பக்கம், முழங்காலில் இருந்து பச்சைத் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். 

"இல்லை அப்பா" என்றாள். "என்ன இல்லை?" "காலமை. சாப்பிடேல்லை."

அவர் பிளாஸ்டிக் பையைத் தேடினார். முள்ளுச் சப்பாத்து மிதித்துத் தட்டையாய்க் கிடந்தது. ஈயத்தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ரொட்டிதான், சம்பல் வெளியிலை வந்திட்டுது, தின்னலாம்" என்று பச்சைப் பல்லோடு நீட்டினார்.